கறுப்பு வரிசையில் நடிக்காதவர்

நான் செத்துக் கிடந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. செத்துக் கிடப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மணிக்கட்டில் ஒரு கறுப்புத் துணி, கீழே ரெக்ஸின் பாய், தலையோடு மூடிய வெள்ளைப் போர்வை. மூச்சு விடலாம், பேசக் கூடாது. விசில் ஊதும் வரை எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் ரூல்ஸ்.

அந்த வரிசையில் கிடந்த எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தோம், ஒருவரைத் தவிர. அவர் எனக்கு வலப் பக்கம் கிடந்தார். மணிக்கட்டு அறுந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் டாக்டர்கள் நின்றார்கள். யாராவது ஒரே ஒருவர் அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. செத்தவர்களைக் கண்டுகொள்ளாமல் உயிரோடு இருப்பவர்களைப் பாருங்கள் என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் சொல்லப்பட்ட பாடம்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை விடுகிறான் என்பீர்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜெர்மன்காரன் கேட்ட நீலமும் நம் சாயப்பட்டறை கொடுத்த நீலமும் ஒன்றுதான் என்று மெயில் போட்டுச் சத்தியம் செய்கிற வேலை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாக் டிரில், அதாவது விபத்து ஒத்திகை, நடத்தப் போகிறார்கள், ஆள் வேண்டும் என்று எங்கள் ஹெச்ஆர் வந்து கேட்டபோது நானும் என் காலேஜ் நண்பனும் முதலில் கை தூக்கினோம். சேவை மனப்பான்மை எல்லாம் கிடையாது. அன்றைக்கு ஷிப்மென்ட். ஆபீஸில் இருந்தால் நிஜமாகவே செத்துவிடுவோம்.

டிரில் கதை இதுதான். ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்துவிட்டது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் அடிபட்டு வருகிறார்கள். எமர்ஜென்சி வாசலிலேயே நிறுத்திப் பிரிக்க வேண்டும். உடனே பார்க்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு, கொஞ்சம் தாங்குகிறவர்களுக்கு மஞ்சள், நடந்து வருகிறவர்களுக்குப் பச்சை. செத்தவர்களுக்குக் கறுப்பு. இதற்கென்று அட்டை உண்டு. அட்டை வந்து சேரவில்லை. திருப்பூரில் அட்டை வராவிட்டால் என்ன, துணிக்கா பஞ்சம்? எங்கள் கட்டிங்கில் இருந்து நாலு கலரில், கழுத்துப் பட்டிக்குப் போடும் ரிப் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி ஒரு பாலிபேக்கில் போட்டு அனுப்பினார்கள். சிவப்புக்காரர்களுக்கு ரத்தம் பூச எங்கள் பிரிண்டிங் செக்‌ஷனில் இருந்து ஒரு டப்பா சிவப்பு பேஸ்ட்டும் போனது.

நடிப்பவர்களுக்கு ஒரே மாதிரி டி-ஷர்ட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். லோகோ பிரிண்ட் ஆகி வரவில்லையாம். பனியன் கடைகள் நெருக்கியடிக்கும் காதர்பேட்டையில் போய் நின்று கையை நீட்டினால் சும்மாவே நாலு டி-ஷர்ட் விழும் ஊரில், டி-ஷர்ட் கிடைக்காத ஒரே கூட்டம் நாங்கள்தான். அதனால் அவரவர் சட்டையிலேயே செத்தோம். இதைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே சட்டையில் இருந்திருந்தால், வெளியாள் ஒருவர் வந்து விழுந்தது அங்கேயே தெரிந்திருக்கும்.

ஹெட் நர்ஸ் ஒரு அம்மா. இந்த ஊர்க்காரர். துணியை எல்லோருக்கும் கட்டிவிட்டது அவர்தான். என் கையைப் பிடித்தபோது, "கண்ணு, உனக்குக் கறுப்புங்க. போய்ப் படுத்துக்கோ" என்றார்.

"சிஸ்டர், சும்மா ஒரு மஞ்சள் குடுங்க. இன்னும் கல்யாணம்கூட ஆகலீங்க."

"செத்தவீங்களுக்குத்தான் சாமி இன்னைக்கு வேல கம்மி. சொன்னாக் கேளு."

கறுப்பு ஆட்களைப் போடும் இடம் பழைய பைக் ஸ்டாண்ட். மேலே பச்சை ஃபைபர் ஷீட். வெயில் அந்த ஷீட் வழியாக இறங்கி உள்ளே இருந்த அத்தனையையும் பச்சையாக்கி வைத்திருந்தது. போர்வை பச்சை. நண்பன் முகம் பச்சை. கொஞ்ச நாள் குளத்தில் கிடந்தவன் மாதிரி இருந்தான். அவனைப் பார்த்துச் சிரித்தேன். "உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சிரி மாப்ள" என்றான். படுத்தோம். ஒரு வார்டுபாய் வந்து வரிசையாகப் போர்வை போர்த்திக்கொண்டே போனார். வரிசையின் கடைசியில் நான். எனக்கு வலப் பக்கம் ஒரு பாய் காலியாகக் கிடந்தது.

போர்வைக்குள் போனதும் ஒரு விஷயம் புரிந்தது. முகத்தை மூடிவிட்டால் ஆட்கள் உங்களைப் பற்றி நினைப்பதை அந்த நிமிஷமே நிறுத்திவிடுகிறார்கள். என் காலைத் தாண்டித்தான் நடந்தார்கள். சைரன் போட்டார்கள். "சிவப்பு! சிவப்பு! உள்ள எடு!" என்று கத்தினார்கள். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கடகடவென்று ஓடியது. எதுவும் எங்கள் பக்கம் வரவில்லை. எங்களைச் சுற்றி மட்டும் சத்தம் ஒரு கோட்டில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரு ஸ்ட்ரெச்சர் எங்களிடம் வந்தது. இரண்டு பேர் பேச்சு கேட்டது.

"இவர எங்கீங்க போடறது?"

"கையப் பாரு. கறுப்புத்தானே? கடைசீல போடு."

என் வலப் பக்கம் ஒரு உடம்பு இறங்கியது. போர்வை உதறும் சத்தம். என் கன்னத்தில் காற்று அடித்தது. அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

அவர் பக்கத்து ஏரியாவில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர் என்பது பிறகு தெரிந்தது. கட்டிங் மெஷின் நழுவி இடது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. அதே யூனிட்டில் செக்கிங்கில் இருந்த அவர் மனைவி, வெட்டி மிஞ்சிக் கிடந்த பனியன் வேஸ்ட்டில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்து இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் கூட்டமாக இருந்ததால் ஆட்டோ ரோட்டிலேயே நின்றது. இவர் இறங்கி முன்னால் நடந்தார். மனைவி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் வருவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். இவர் எமர்ஜென்சி வாசல் வரை நடந்து போய், அடிபட்ட மாதிரி விழுந்து கிடந்த எங்கள் ஆட்களுக்கு நடுவில், அடிபட்ட மாதிரியே விழுந்தார். கையில் கறுப்புத் துணி. முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வேறு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அந்தத் துணியைக் காயத்துக்குப் போட்ட கட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். பனியன் வேஸ்ட்டால் வண்டி துடைத்து, கை துடைத்து, காயத்தைக் கட்டி, கடைசியில் அதையே செத்தவனுக்கு அடையாளமாகவும் வைத்த ஊர் எங்களுடையது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் ஒருவர் பிரமாதமாகச் செத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

அவர் மூச்சு சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக வந்தது. பிறகு நின்றது. மறுபடி வருமா என்று நானே காத்திருக்கும் அளவுக்கு நின்றது. வந்தது.

"ஏனுங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "மூச்சு விடலாமுங்க. அதுக்கெல்லாம் பெர்மிஷன் இருக்குது."

பதில் இல்லை.

"எந்தக் கம்பெனிங்க நீங்க?"

பதில் இல்லை. இந்தப் பக்கம் இருந்து நண்பன் கிசுகிசுத்தான். "யார்ட்ட மாப்ள பேசற?"

"பக்கத்துல ஒருத்தரு. செம ஆக்டிங்."

"உனக்கெல்லாம் செத்தும் வாய் சாகாதுடா."

இரண்டு பேரும் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். வலப் பக்கம் மூச்சு மறுபடி நின்றது. எனக்குச் சிரிப்பு பாதியில் போய்விட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த நேரத்தில் கேட் பக்கம் ஒரு பெண் குரல். தெற்கத்திப் பேச்சு. திருநெல்வேலியோ தூத்துக்குடியோ.

"எய்யா, எங்க வீட்டுக்காரவுக உள்ள போயிருக்காவ. கை அறுந்து போச்சுய்யா. என்னை உள்ள விடுங்க."

செக்யூரிட்டியின் குரல் பொறுமையாக, அழகாக வந்தது. "ஆமாங்கம்மா. எல்லாத்துக்கும் அடிதானுங்க. டிரில் முடியட்டுமுங்க. அதுவரைக்கும் சொந்தக்காரங்க வெளியதான் நிக்கோணுமுங்க."

"டிரில்லா? என்னத்த டிரில்லு? ரத்தம் கொட்டுதுய்யா!"

"நல்லாப் பண்றீங்கம்மா. அப்படியே அந்த மரத்தடீல நின்னு அழுவுங்க. அங்கதான் சொந்தக்காரங்க எடமுங்க."

அழுகிற உறவினர்களாக நடிக்கவும் ஆள் போட்டிருந்தார்கள். காலையில் நான்கு பெண்கள் மரத்தடியில் நின்று யார் முதலில் அழுவது என்று சண்டை போட்டதை நானே பார்த்தேன். அதனால் அந்தக் குரலைக் கேட்டு நானும் மனதுக்குள் கை தட்டினேன். அவ்வளவு சுத்தமான தெற்கத்திப் பேச்சு. யாரோ சரியான ஆளைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் குரல் நிற்கவே இல்லை. மற்ற பெண்கள் அழுது, களைத்து, டீ கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இது மட்டும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கை அறுந்து போச்சு, கை அறுந்து போச்சு.

என் விரல் எதிலோ பட்டது. அவர் விரல். ஏசி ரூமில் வைத்த இரும்பு மாதிரி இருந்தது. போர்வை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அவர் கை போர்வைக்கு வெளியே, என் பக்கம் நீட்டிக் கிடந்தது. தொழில் புத்தி, முதலில் துணியைத்தான் பார்த்தேன். அது எங்கள் துணி இல்லை. நாங்கள் அனுப்பியது ரிப். வெட்டினாலும் தட்டையாகக் கிடக்கும். இது பனியன் தைக்கிற சிங்கிள் ஜெர்ஸி. வெட்டிய ஓரம் கயிறு மாதிரி சுருண்டிருந்தது. துணி நனைந்து, அதில் இருந்து கறுப்பாக ஏதோ இறங்கி பாய் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

நனைந்த துணியில் இருந்து சாயம் இறங்கினால் எங்கள் தொழிலில் அதற்கு ப்ளீடிங் என்று பெயர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நான் அந்த வார்த்தையைச் சொல்லுவேன். நேவி ப்ளீட் ஆகிறது, கறுப்பு ப்ளீட் ஆகிறது, லாட்டைத் திருப்பி அனுப்பு. அதனால் என் வாயில் அதுதான் வந்தது.

"ஏனுங்க, உங்க துணி ப்ளீட் ஆகுதுங்க. மட்டமான சாயம்."

சொல்லிவிட்டு ஒரு விரலால் அதைத் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சாயம் வெதுவெதுப்பாக இருக்காது. பாயில் ஓடுகிற சாயம் கெட்டியாகி விரலில் ஒட்டாது. இரும்பு வாசம் அடிக்காது. நான் சொன்ன வார்த்தை என் காதிலேயே மறுபடி கேட்டது. இந்தத் தடவை ஸ்கூலில் படித்த அர்த்தத்தில்.

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அவர் முகத்தில் இருந்த போர்வையை இழுத்தேன். நாற்பது வயது இருக்கும். கண் பாதி திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது. இமைக்கவில்லை.

"சிஸ்டர்!"

ஹெட் நர்ஸ் அம்மா சிவப்பு ஆட்களிடம் இருந்து வேகமாக வந்தார். கோபம்.

"ஏங்கண்ணு, செத்தவீங்க எந்திரிச்சு உக்காரலாமா? அங்க அப்சர்வர் பாக்கறாங்க. படு சாமி."

"இவரு நெசமாவே அடிபட்டிருக்காருங்க. ரத்தமுங்க இது."

"ஆமாஞ்சாமி. உங்க கம்பெனில குடுத்த பேஸ்ட்டுதானே? காத்தால நாந்தானே பூசினேன்."

"செத்தவங்களுக்கு நீங்க பேஸ்ட் பூசலையே சிஸ்டர்!"

அவர் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். ஆனாலும் நம்பவில்லை. அவர் கண்ணுக்கு அது கறுப்புத் துணியில் இருந்து இறங்கும் கறுப்புத் தண்ணி. என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. குனிந்து, கிளவுஸ் போட்ட விரலால் தொட்டார். "சாயந்தாங்கண்ணு. கறுப்புத்தானே இருக்குது" என்றார். நான் நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்து அந்த நனைந்த பாயில் உள்ளங்கை படிய அழுத்தினேன். கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "டாக்டர் சார்! இந்தத் தம்பி டிரில்லக் கெடுக்குதுங்க பாருங்க!" என்று ஷீட்டுக்கு வெளியே போய், என்னைக் காட்டக் கையைத் தூக்கினார்.

அவர் வெயிலுக்குள் போனதும் அந்தக் கை சிவப்பாகிவிட்டது.

ஒரு துளி கறுப்பு இல்லை. உள்ளங்கை முழுக்க, மணிக்கட்டு வரை, பளீரென்று சிவப்பு. பச்சை ஷீட்டின் கீழே சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். எந்த லைட்டில் பார்த்தாய் என்று கேட்காமல் எங்கள் ஆபீஸில் ஒரு ஷேடைக்கூட ஓகே செய்ய மாட்டோம். அவர் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கத்தினார். அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"இவரு நெசமுங்க! ஐயோ சாமி, இவரு நெசமுங்க!"

ஆஸ்பத்திரி தயாராகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. டாக்டர், டிராலி, பேண்டேஜ், ஆக்சிஜன், எல்லாம் அதே முற்றத்தில். எங்களுக்காக வைத்திருந்தார்கள். சிவப்பு டிராலியில் தலை வெடித்துக் கிடந்த ஒருவன் குதித்து இறங்கி, தானே தள்ளிக்கொண்டு வந்தான். டாக்டர் முழங்கைக்கு மேலே பட்டையைப் போட்டு முறுக்கினார். யாரோ கழுத்தில் விரல் வைத்து, "இருக்கு, இருக்கு" என்றார்கள். தீயில் கருகியவர்களும் கால் போனவர்களும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். டிராலி உள்ளே போனது. டாக்டர் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் கீழே விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கேட்டைத் திறந்தார்கள்.

விசில் ஊதாமலேயே எங்கள் வரிசை எழுந்து நின்றிருந்தது. பச்சை வெளிச்சத்தில், போர்வையைத் தோளில் போட்டபடி, செத்தவர்கள் அத்தனை பேரும். அந்தப் பெண் ஓடி வந்து எங்கள் முன்னால் நின்றார். கத்தவில்லை. வரிசையின் அந்த முனையில் இருந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, மணிக்கட்டில் இருந்த கறுப்புத் துணியைத் திருப்பிப் பார்த்தார். தன் துணி இல்லை என்று தெரிந்ததும் கையை விட்டுவிட்டார். பக்கத்துப் பாயில் யாரும் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

"உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா," என்றேன். "உசுரு இருக்குதுங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். செக்யூரிட்டி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "நீங்களும் நடிக்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்கம்மா" என்றார்.

"நான் என்னத்துக்குய்யா நடிக்கேன்?"

ஹெட் நர்ஸ் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மெதுவாகக் கேட்டார். "அத்தன துணி கெடக்கையில கறுப்ப எதுக்குமா எடுத்தீங்க?"

"அவுகளுக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வந்துரும் சிஸ்டர். சேவல் அறுத்தாக்கூட அந்தப் பக்கம் போவ மாட்டாவ. ஆட்டோல மயங்கி விழுந்துரக் கூடாதுன்னு ரத்தம் தெரியாத துணியாப் பாத்துக் கட்டுனேன்."

நர்ஸ் அம்மா கிளவுஸைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவர் பிழைத்தார். சாயங்காலம் வரை ஆபரேஷன். இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இப்போது டிரில் என்றால் நடிப்பவர்களுக்குப் பளபளக்கிற ஆரஞ்சு கோட்டு. கோட்டு இல்லாமல் யார் விழுந்தாலும் நிஜம். டிரில் நடக்கும்போது நிஜ நோயாளிகளுக்குத் தனி வாசல், அங்கே டிரில்லில் சேராத ஒரு டாக்டர். பைக் ஸ்டாண்ட் ஷீட்டையும் மாற்றிவிட்டார்கள். இதெல்லாம் முதலிலேயே தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. பாய்லர் வெடிப்பதைப் பற்றி யோசித்தவர்கள், அதே நேரத்தில் ஒருவர் நடந்து வந்து விழுவார் என்று யோசிக்கவில்லை.

ஆறேழு வாரம் கழித்து நானும் நண்பனும் அவர் வீட்டுக்குப் போனோம். லைன் வீடு. ஒரே அறை. அவர் கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். நான் "எப்படிங்கண்ணா இருக்கீங்க?" என்றதும் பந்து நின்றது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. குரலைத்தான் கேட்டார்.

"அந்தத் தம்பியா?"

"ஆமாங்கண்ணா. பக்கத்துல படுத்திருந்தது நாந்தானுங்க. அன்னைக்கு நான் பேசினதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"எல்லாம் கேட்டுச்சு. எந்தக் கம்பெனின்னு கேட்டீக. மட்டமான சாயம்னீக."

நண்பன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. "அப்ப ஏனுங்கண்ணா ஒரு வார்த்த பேசல? ஒரே ஒரு சத்தம் குடுத்திருந்தா அப்பவே எந்திரிச்சிருப்பேனே."

அவர் பந்தைக் கட்டிலில் வைத்தார். அவர் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பி நின்றார். இது அவருக்கும் புதிது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"மூஞ்சிய மூடுனாவல்லா, அப்பமே தெரிஞ்சு போச்சு, நான் செத்துட்டேன்னு. அதுல ஒண்ணும் பயமில்ல தம்பி. பக்கத்துல நீங்க பேசிக்கிட்டுக் கெடந்தீக. சிரிச்சீக. பாவம், தானும் செத்த சேதி இந்தத் தம்பிக்கு இன்னும் தெரியலயேன்னு நெனச்சேன். நான் வாயத் தொறந்து சொன்னா பயந்துருவீகன்னுதான் பேசாமக் கெடந்தேன்."

நாங்கள் வந்ததில் இருந்து முதல் தடவையாக அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பைக் ஸ்டாண்டில் பார்த்த அதே கண்.

"இப்பம் தெரியுமா உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கிண்டல்தான், இப்போது சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பதில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.